இருண்ட திரைக்கும் ஒரு வரலாறு



மடிக்கணினியில் லினக்சு தொடங்கியதும் திரை இருண்டுவிட்டால், கணினியே பழுதென்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அந்த இருளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1991இல் லினசு தோர்வால்ட்சு லினக்சை வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம், வரைகலைத் திரையை அமைக்கும் பணி 'எக்சு' என்னும் தனி மென்பொருளிடமே இருந்தது. 2009 மார்ச்சில் வந்த 2.6.29ஆம் பதிப்பில், இன்டெல் சில்லுகளுக்கு அப்பணியை லினக்சின் கருவாகிய கெர்னலே ஏற்றது. பிற சில்லுகள் பின்தொடர்ந்தன. திரை சிமிட்டுவது குறைந்தது. ஆயினும், கெர்னலுக்குச் சில்லின் இயல்பு சரியாகப் பிடிபடாதவிடத்துத் தொடக்கத்திலேயே திரை இருண்டது.

முதலில் கைவிளக்கொளியைத் திரைமீது பாய்ச்சுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், அணைந்திருப்பது பின்னொளி மட்டுமே. ஒளிகூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். எதுவும் தெரியாவிடில், 'கிரப்' தொடக்கப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்சு' எனத் தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் ஆகிய ஆங்கிலச் சொற்களை ஒரே சொல்லாகச் சேருங்கள். கெர்னல் அப்பணியிலிருந்து விலகிக்கொள்ளும். பெரும்பாலும் படம் தோன்றும். இம்மாற்றம் அந்த ஒருமுறைக்கே உரியது; அஞ்ச வேண்டியதில்லை.

இருண்டது திரைதான், உள்ளிருக்கும் பிள்ளைகளின் பாடங்கள் அல்ல. தூக்கி எறியுமுன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.