பத்தீர் வழிச் சென்ற இருப்புப்பாதை

உஸ்மானியரின் இருப்புப்பாதை என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது திமிஷ்கிலிருந்து மதீனா முனவ்வரா வரை சென்ற ஹிஜாஸ் பாதையே. உலக முஸ்லிம்களின் நன்கொடையால் எழுந்த அப்பாதையைப் பற்றி நம் ஏடுகள் நிறையவே எழுதியுள்ளன. அது 1908இல் மதீனாவை அடைவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே ஃபலஸ்தீனத்தில் ஓடத் தொடங்கிய ஒரு சிறு பாதையோ அந்த அளவு பேசப்படவில்லை. யாஃபா துறைமுகத்தைப் பைத்துல் முகத்தஸுடன் இணைத்த அதன் நீளம் ஏறத்தாழ 87 கிலோமீட்டர்.

இது நன்கொடையில் எழுந்ததன்று, வணிகத்தில் எழுந்தது. 1888இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அரசு, 71 ஆண்டுகளுக்கான 'இம்தியாஸ்' எனும் உரிமத்தை யூசுஃப் நவோன் என்ற யூத வணிகருக்கு வழங்கிற்று. அவர் பைத்துல் முகத்தஸில் வாழ்ந்த உஸ்மானியக் குடிமகன். ஐரோப்பாவில் முதல் தேடி அலைந்த அவர், இறுதியில் பிரெஞ்சுக்காரர் ஒருவருக்குப் பத்து இலட்சம் பிராங்கிற்கு உரிமத்தை விற்றுவிட்டார். பிரெஞ்சு நிறுவனம் 1890இல் பணியைத் தொடங்கி, 1892 செப்டம்பர் 26 அன்று பாதையைத் திறந்தது. எஞ்சின்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள பால்ட்வின் ஆலையிலிருந்து வந்தன. தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். தென்னிந்திய ரயில்வேயில் நம் முந்தைய தலைமுறையினர் பயணம் செய்த அதே மீட்டர் கேஜ்.

லுத், ரம்லா வரை சமவெளி. அதன்பின் ஸரார் ஓடையின் வளைவுகளைப் பற்றிக்கொண்டு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரம் வரை ஏற வேண்டும். ஒற்றைப் பாதை, கூர்மையான வளைவுகள். ஆதலால் 87 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரம் வரை சென்றது. குதிரை வண்டியில் ஒரு முழு நாள் சென்ற பயணத்தோடு ஒப்பிட்டால் இது விரைவே. தொடக்கத்தில் வருவாய் நிறுவனத்தார் எதிர்பார்த்தபடி இல்லை. ஆயினும் வழியிலிருந்த ஊர்களுக்கு அது வாழ்வளித்தது.

அவ்வூர்களுள் ஒன்று பத்தீர். மலையேறும் வண்டிக்குப் பைத்துல் முகத்தஸுக்கு முந்தைய கடைசி நிலையம். கற்சுவர் எழுப்பி அடுக்கடுக்காக அமைத்த வயல்களில் ஊற்றுநீர் பாய்ச்சிக் காய்கறி விளைவிப்போர் அவ்வூரார். ஊரில் குலங்கள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் நீர் முறை. எனவே பத்தீரின் வாரத்திற்கு எட்டு நாட்கள் என்பர். ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் 'ஷிர்ப்' எனும் நீருரிமைப் பாடத்தை ஓதியவர்கள் இம்முறையின் அருமையை எளிதில் உணர்வர். வயலில் பறித்த கத்தரிக்காயை ஊர்ப் பெண்கள் ரயிலேற்றிப் பைத்துல் முகத்தஸ் சந்தையில் விற்று வந்தனர். (அரபியில் இருப்புப்பாதைக்குச் 'சிக்கத்து ஹதீத்' என்று பெயர். 'சிக்கா' என்பதற்குப் பாதை என்பதோடு, ஏரின் கொழு என்ற பொருளும் அகராதிகளில் உண்டு.)

முதல் உலகப் போரில், கடற்கரை எதிரிக் கப்பல்களின் பீரங்கிக்கு எட்டுமென்பதால், யாஃபா - லுத் பகுதியின் தண்டவாளங்களைத் துருக்கியர் பெயர்த்தெடுத்தனர். எஞ்சிய பகுதியை ஹிஜாஸ் பாதையின் 1,050 மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றினர். 1917 டிசம்பரில் நகர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1920க்குள் பாதை முழுவதும் அகலப்படுத்தப்பட்டது.

1948இல் வந்தது பெருஞ்சோதனை. தேர் யாஸீன் படுகொலைச் செய்தி கேட்டுப் பத்தீர் மக்களுள் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினர். எஞ்சிய சிலரை ஹஸன் முஸ்தஃபா என்ற கல்விமான் ஒருங்கிணைத்தார். வெற்று வீடுகளில் விளக்கேற்றியும் துணி உலர்த்தியும் ஊர் நிறைந்திருப்பதாகக் காட்டினர் என்று இன்றும் சொல்வர். 1949 ஏப்ரலில் ரோட்ஸ் தீவில் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கை, பாதையை இஸ்ரேலிடமும் ஊரை ஜோர்தானிடமும் விட்டது. ஊராரின் நிலங்களில் ஒரு பகுதி தண்டவாளத்துக்கு அப்பால் சிக்கியது. வண்டிக்கு எத்தீங்கும் நேராமல் ஊரார் காப்பர். பதிலாக அந்நிலங்களை அவர்களே உழுது பயன்பெறலாம் என்ற ஏற்பாட்டை ஹஸன் முஸ்தஃபா பெற்றுத் தந்தார். நிலையத்தையும் சந்தையையும் ஊர் இழந்தது, மண்ணை இழக்கவில்லை. அந்தப் பகுதியில் எல்லைக்கோட்டை ஒட்டிய எத்தனையோ ஊர்கள் நிலத்தை முற்றாக இழந்ததை நோக்க, இது சிறிய வெற்றியன்று என்பதே நம் கருத்து. ஊரார் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாக்குத் தவறவில்லை.

பாதை 1998இல் மூடப்பட்டு, 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2018இல் சுரங்கங்கள் வழியாக விரைவுப் பாதை வந்தபின் பழையது தேவையற்றதாயிற்று. 2020இல் மலைப்பகுதியில் பயணி வண்டிகள் நின்றன. இதற்கிடையே தண்டவாளத்தை ஒட்டிப் பிரிவினைச் சுவர் எழுப்பும் திட்டம் வந்தது. 2014 ஜூனில் தோஹாவில் கூடிய யுனெஸ்கோ குழு பத்தீரின் அடுக்கு வயல்களை, ஆபத்திலுள்ள உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2015 ஜனவரியில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சுவர்ப் பணியைத் தடுத்தது. ஆனால் 2024 ஆகஸ்டில், பத்தீரை அடுத்த நிலத்தில் நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய யூதக் குடியேற்றத்துக்கான திட்டத்தை இஸ்ரேலிய அரசு வெளியிட்டது.