சண்டைக்கு இழுக்கும் சொற்கள்

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பாதுகாக்காத பேச்சு வகைகளுள் ஒன்று. 1940இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத் தெருவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த வால்டர் சாப்லின்ஸ்கி சமயப் பிரசுரங்களை விநியோகித்தார். கூட்டம் கொந்தளித்தது. வழியில் எதிர்ப்பட்ட நகர மார்ஷலை முகத்துக்கு நேரே ‘பாசிஸ்ட்’ என்று திட்டினார், கைதானார். திட்டிய சொல் இன்றைய அரசியல் மேடையில் சர்வசாதாரணம். ஆயினும், கேட்ட மாத்திரத்தில் கைகலப்பைத் தூண்டக்கூடிய வசவுக்குப் பாதுகாப்பில்லை என்று 1942இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை உறுதிசெய்தது.

பிந்தைய தீர்ப்புகள் இவ்விலக்கைப் பெரிதும் சுருக்கின. லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத் தாழ்வாரத்தில், கட்டாய ராணுவச் சேவையை ஆபாசமாக ஏசும் வாசகம் எழுதிய மேற்சட்டையுடன் நின்ற பால் கோஹனின் தண்டனை 1971இல் ரத்தானது. வாசகம் குறிப்பிட்ட எவரையும் தாக்கவில்லை. பிடிக்காதவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம்.