விரலும் இரசமும்

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான ரயில் பாதை முழுமையாகத் திறந்தது 1905-ல். அதே ஆண்டில் ரஷ்யாவில் நிக்கொலாய் கொரொட்கோவ் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், பட்டி கட்டிய கையின் முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக் குருதியமுக்கத்தை அளக்கும் முறையை ஒரு பக்கம்கூட நிரம்பாத அறிக்கையாக வெளியிட்டார். இரண்டும் ஒத்து வந்தது தற்செயல். ஆனால் அந்த முறை யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, இங்கே நாடியை அறியாத கைகள் இருக்கவில்லை. மணிக்கட்டில் மூன்று விரல் பதித்து வாத, பித்த, கபம் பார்க்கும் பரியாரிமார் இருந்தார்கள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேனாட்டு வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், கிறேயின் உடற்கூற்று நூலை 1872-லேயே தமிழில் அச்சேற்றிவிட்டார். இலங்கைப் பாடநூல்களில் தமனிக்குப் பெயர் இன்றும் நாடிதான்.

குருதியமுக்கத்தைச் சரியாக அளப்பதற்கு அந்த விரல் இன்றும் வேண்டும் என்பதே என் வாதம். 1896-ல் இத்தாலியின் ரிவா-றொச்சி பட்டியை இறுக்கி, விரலுக்கு நாடி மறையும் இடத்தில் இரசம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்றுதான் பார்த்தார். கொரொட்கோவின் காது கீழ் எண்ணையும் தந்தது. அதோடு விரல் ஒதுக்கப்பட்டது. இங்கேதான் பிழை புகுகிறது. குருதியமுக்கம் கூடிய சிலருக்கு ஒலி தொடங்கி, இடையில் அடங்கி, மறுபடி கேட்கும். அந்த மௌனத்துக்குள் பட்டியை இறுக்கி நிறுத்தினால் 190 இருப்பவருக்கு 150 என்று எழுதிவிடுவோம். முதலில் நாடியைத் தொட்டு, அது மறையும் அளவுக்கு மேலே 30 மில்லிமீற்றர் ஏற்றி, வினாடிக்கு இரண்டு மூன்றாக இறக்கிக் கேட்டால் இந்தத் தவறு நேராது.

பரியாரியார் பார்த்த நாடியும் இதுவும் ஒன்றல்ல என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், வாத பித்தத்தை இரசக் குழாயில் தேட முடியாது. நான் கேட்பது அவருடைய தத்துவத்தையல்ல, தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை. கிளினிக் வரிசையில் அதற்கு நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. அரை நிமிடம் போதும். தவறான எண்ணுக்கு மருந்து கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் போகும். மின் கருவி வந்தபின் விரல் எதற்கு என்பதுதான் வலுவான கேள்வி. கை தொங்கிக்கிடந்தாலும், நோயாளி பேசிக்கொண்டிருந்தாலும், பட்டி சிறிதாக இருந்தாலும் அந்தக் கருவியும் எண்ணைக் கூட்டித்தான் காட்டும். இதயம் ஒழுங்கு தவறித் துடிப்பவரிடம் அதன் கணக்கே தடுமாறும். அந்த ஒழுங்கின்மை முதலில் தட்டுப்படுவது மணிக்கட்டில் வைத்த விரலுக்கு. அப்போது கருவியை ஒதுக்கிவிட்டு, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது.