மிஸ்காலிலிருந்து கிராம் வரை: நிஸாப் எடையின் வரலாறு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற ரமளானில் தராவீஹ் முடிந்த ஓர் இரவில் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத்! என்னிடம் 10 பவுனும் 6 கிராமும் தங்கக் காசாக இருக்கிறது. வேறு ரொக்கமோ வெள்ளியோ சேமிப்பில் இல்லை. ஜகாத் கடமை என்கிறார் ஒருவர். இல்லை என்கிறார் மற்றொருவர். இருவருமே கிராம் கணக்கைத்தான் சொல்கிறார்கள். எது சரி?” என்று கேட்டார்.

அவரிடம் இருந்தது 86 கிராம். அந்த இருவரில் எவரும் தவறு சொல்லவில்லை என்பதே வியப்பு. இதை விளங்க நாம் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்து அரபுகளுக்குச் சொந்த நாணயம் இல்லை. ரோமப் பேரரசின் பொற்காசும், பாரசீகத்தின் வெள்ளிக் காசுமே புழங்கின. தேய்ந்தும் வேறுபட்டும் இருந்த அக்காசுகளை எண்ணி வாங்காமல் நிறுத்தே வாங்கினர். எடைக்கு மக்காவாசிகளின் எடையும், அளவைக்கு மதீனாவாசிகளின் அளவையுமே அளவுகோல் என்ற கருத்தில் வரும் நபிமொழியின் பின்னணி இதுவே. வெள்ளியில் ஐந்து ஊக்கியாவுக்குக் குறைந்ததில் ஜகாத் இல்லை என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ள செய்தி. ஓர் ஊக்கியா 40 திர்ஹம். ஆகவே ஐந்து ஊக்கியா 200 திர்ஹம். தங்கத்துக்கு 20 மிஸ்கால்.

கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான், ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உருவங்கள் நீக்கப்பட்டு, அரபு எழுத்து மட்டுமே பொறித்த தீனாரை வெளியிட்டார். ஹிஜ்ரி 79இல் திர்ஹமும் அவ்வாறே சீரமைக்கப்பட்டது. பத்து திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்ற விகிதம் நிலைபெற்றது. அந்தத் தீனார்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றை நிறுத்தால் ஏறத்தாழ 4.25 கிராம் வருகிறது. இருபதால் பெருக்கினால் 85 கிராம். திர்ஹம் 2.975 கிராம், இருநூறால் பெருக்கினால் 595 கிராம் வெள்ளி. அண்மைக் கால அறிஞர்களில் யூசுஃப் அல்கர்ளாவி (ரஹ்) போன்றோர் 85 கிராம் என்று சொன்னது இவ்வழியில்தான்.

நம் நாட்டின் வழி வேறு. காசு கையில் இல்லாத ஊர்களில் ஃபுகஹாக்கள் தானிய மணிகளைக் கொண்டு எடையைச் சொன்னார்கள். மிஸ்கால் என்பது 72 வாற்கோதுமை மணிகள் என்றனர் ஷாஃபிஈ அறிஞர்கள். 100 மணிகள் என்றனர் ஹனஃபிகள். மணி மண்ணுக்கு மண் மாறும். இந்திய உலமாக்கள் அதைக் குன்றிமணிக் கணக்குக்குக் கொண்டுவந்தனர். எட்டுக் குன்றிமணி ஒரு மாஷா. 12 மாஷா ஒரு தோலா. மிஸ்கால் நாலரை மாஷா என்று கொண்டால், 20 மிஸ்கால் 90 மாஷா, அதாவது ஏழரை தோலா. வெள்ளிக்கு 140 மிஸ்கால், 630 மாஷா, ஐம்பத்திரண்டரை தோலா. தேவ்பந்தில் முஃப்தியாக இருந்த முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் ஷரீஅத் எடைகளுக்கென்றே உருதுவில் தனி நூல் எழுதினார்கள்.

தோலாவைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1833இல் 180 கிரெயின் என்று நிலைப்படுத்தியது. சென்னை மாகாணத்தில் மூன்று தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை என்று நம் பாட்டனார்கள் நிறுத்தார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் எடைகள் 1958 முதல் படிப்படியாக வந்தன; 1962 ஏப்ரல் முதல் பழைய எடைகள் வணிகத்திலிருந்து விலக்கப்பட்டன. ஒரு தோலா 11.664 கிராம். எனவே ஏழரை தோலா 87.48 கிராம், ஐம்பத்திரண்டரை தோலா ஏறக்குறைய 612.36 கிராம்.

ஆக, 85க்கும் 87.48க்கும் இடையிலான வேறுபாடு கிராமில் இல்லை. மிஸ்காலை எதைக் கொண்டு நிறுத்தார்கள் என்பதில் இருக்கிறது. இரண்டும் ஆய்வின் வழியே வந்தவை.

ஆனால் ஆய்வின்றி வந்த பிழைகளும் உண்டு. 87.48 கிராம் என்பது 10 பவுன் 7.48 கிராம். பேச்சு வழக்கில் அதை “11 பவுன்” என்கிறோம். அது 88 கிராம். அரை கிராம் கூடிவிட்டது. 87.6 கிராம் வைத்திருப்பவர் இந்தச் சொல்லை நம்பினால் கடமை தவறுகிறது. மறுபுறம், இன்று சில கடைகளில் 10 கிராமையே தோலா என்கிறார்கள். அதை நம்பி ஏழரை தோலாவை 75 கிராம் என்று எண்ணுவதும் பிழையே.

அன்பர்களே! வாங்கும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போரை அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. தங்கம் விற்கும் நாளில் மில்லிகிராமையும் விடாத நாம், ஜகாத் நாளில் மட்டும் முழு எண்ணைத் தேடலாமா?

முதியவரிடம் இந்த இரு கணக்குகளையும் விளக்கினேன். “ஏழரை தோலாக் கணக்கில் உங்கள் மீது கடமையில்லை. 85 கிராம் கணக்கில் கடமை. நாற்பதில் ஒரு பங்கு 2.15 கிராம். கொடுத்துவிடுவது பேணுதல்” என்றேன். அவர் சற்று யோசித்தார். “அவ்வளவுதானா, ஹஜ்ரத்! இதற்காகவா இத்தனை நாள் தர்க்கம் செய்தோம்?” என்று கூறிச் சென்றார்.

நிறுவையில் நீதியையும், கொடுப்பதில் தாராளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.