பரூச்சிலிருந்து கிளம்பிய புழு

குஜராத்தின் பரூச் வட்டாரத்தில் பருத்தியைக் கெடுத்துக்கொண்டிருந்த ஒரு சிறு அந்துப்பூச்சிக்கு 1843இல் டபிள்யூ. டபிள்யூ. சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் அறிவியல் பெயர் சூட்டினார். இன்று நாம் இளஞ்சிவப்பு காய்ப்புழு என்று அழைப்பது அதைத்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இந்தியப் பருத்தியோடு எகிப்துக்குக் கப்பலேறியது. எகிப்து விதையோடு 1911இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தது. 1917இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹெர்ன் என்ற ஊரில் தென்பட்டது.

அத்தனை தூரம் அது பிடிபடாமல் போனதற்குக் காரணம் அதன் பிழைப்பு முறை. முட்டையிலிருந்து வெளிவந்த புழு சீக்கிரமே இளங்காயைத் துளைத்து உள்ளே போய்விடும். நுழைந்த துளையும் தூர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் காய் பச்சைப்பசேலென்று நன்றாகவே இருக்கும். உள்ளே விதை தின்னப்பட்டு, பஞ்சு கறைபட்டுக்கொண்டிருக்கும். பூவுக்குள் புகுந்த புழு இதழ்களை நூலிழையால் பிணைத்துவிடுவதால், பூ விரியாமல் ரோஜா மொட்டுப் போலக் குவிந்து நிற்கும். பருவத்தின் கடைசியில் இரண்டு விதைகளை ஒட்டவைத்து, அவற்றின் நடுவே மாதக்கணக்கில் உறங்கும். தெளிக்கிற மருந்து அதன் மேல் படுவதே அரிது.

அதனால் அந்தக் காலத்தில் மருந்தைவிட வயல் துப்புரவையே நம்பினார்கள். சென்னை மாகாணம் 1919இல் பயிர்ப் பூச்சி, நோய்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. அறுவடை முடிந்த கம்போடியா பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கியாக வேண்டும் என்ற ஆணைகள் அதன்கீழ் பிறந்தன. பருத்திமார் வயலில் நின்றால் பூச்சிகளுக்கு அடுத்த பருவம் வரை சோறும் நிழலும் கிடைத்துவிடும் என்பதை அன்றைய வேளாண் அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

2002 மார்ச்சில் இந்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி வழங்கியதும் கதை மாறியது. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவைப் பெற்ற இந்தச் செடி, கிரை1ஏசி என்ற நச்சுப் புரதத்தைத் தானே சுரக்கிறது. கடிக்கிற புழுவின் குடலுக்குப் போகும் நச்சு, அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் இருக்கும் கேடெரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு செல்லில் ஓட்டை விழுகிறது. குடல் சிதைந்து புழு சாகிறது.

எதிர்ப்புத்திறன் பிறப்பதும் அந்தக் கேடெரினில்தான். அதற்கான மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டுப்போனால் புரதம் கோணலாக உருவாகும், நச்சுக்குப் பிடி கிடைக்காது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் புழுக்களிடம் இப்படிப்பட்ட மூன்று மாற்றங்களை விஞ்ஞானிகள் 2003இல் அடையாளம் காட்டினார்கள். இந்த மாற்றங்களை நச்சு உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே எங்கோ சில புழுக்களிடம் இருப்பவற்றை, மற்றவை செத்து மடியும்போது, அது தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது.

இதில் மனிதருக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வரும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளுமே பழுதாக இருந்தால்தான் புழு தப்பிக்கும். ஒன்று நன்றாக இருந்தாலும் பி.டி. செடியில் அது சாகும். ஆகவே வயலோரத்தில் சாதாரணப் பருத்தியையும் வளர்த்தால், அங்கே நச்சுக்கு ஆளாகாத அந்துப்பூச்சிகள் பெருகி, தப்பிப் பிழைத்த அரிய பூச்சியோடு இணைசேரும். பிறக்கும் புழுக்கள் நச்சுக்குப் பலியாகும். இதற்குப் புகலிடப் பயிர் என்று பெயர்.

அரிசோனா இந்தக் கணக்கை மதித்து நடந்தது. அங்கே 1997இல் எடுத்த மாதிரிகளில் எதிர்ப்பு மரபணுவின் பங்கு 100க்கு 16 என்று மதிப்பிடப்பட்டபோது ஆய்வாளர்களே திகைத்தார்கள். ஆனாலும் புகலிடப் பயிர் இருந்ததால் அது ஏறவில்லை. 2006 முதல் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் வயல்கள்மீது விட்டார்கள். தன் பருத்தி நிலங்களில் இந்தப் புழு ஒழிந்துவிட்டது என்று 2018 அக்டோபரில் அமெரிக்கா அறிவித்தது.

இந்தியாவிலும் விதி இருந்தது. பி.டி. விதை 450 கிராம் பாக்கெட்டோடு, புகலிடத்துக்கென்று 120 கிராம் சாதா விதையும் சேர்த்தே தரப்பட்டது. பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுவிடு என்று சொன்னால் அவர் எப்படி ஏற்பார்? அந்த இழப்பை ஈடுசெய்ய யாரும் முன்வரவும் இல்லை. போதாக்குறைக்கு, நீண்டநாள் வீரிய ஒட்டு ரகங்கள் பாசனம் உள்ள இடங்களில் கோடை வரை நின்று புழுவுக்கு ஓயாமல் இரை கொடுத்தன.

2008இல் குஜராத்தின் அம்ரேலியில் எடுத்த புழுக்கள் கிரை1ஏசியைத் தாங்கின. பின்னர் இந்தியப் புழுக்களின் கேடெரின் மரபணுவை ஆராய்ந்தபோது, அரிசோனாவில் காணாத எட்டுப் புதிய சிதைவுகள் தெரியவந்தன. 2006இல் சந்தைக்கு வந்திருந்த இரட்டை நச்சு விதையும் சில ஆண்டுகளில் தோற்றது. இரண்டாவது நச்சான கிரை2ஏபி-க்கு எதிரான மாற்றம் ஏபிசிஏ2 என்ற வேறொரு மரபணுவில் இருந்தது. காய்ப்புழு மீண்டும் தலையெடுத்திருந்த 2017இல், மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் ஏறத்தாழ 20 பேர் நஞ்சேறி இறந்தார்கள்.

சீனாவின் யாங்சே பள்ளத்தாக்கில் நடந்தது இன்னொரு விதம். அங்கே விவசாயிகள் எந்தக் கட்டாயமும் இல்லாமலே இரண்டாம் தலைமுறை வீரிய ஒட்டு விதைகளை விதைத்தார்கள். அவற்றில் நாலில் ஒரு செடி பி.டி. இல்லாமல் முளைத்தது. வயலுக்குள்ளேயே புகலிடம் கலந்துவிட, தலைதூக்கிய எதிர்ப்புத்திறன் திரும்பவும் தணிந்தது.

இந்தியாவிலும் 2020 முதல் புகலிட விதையை அதே பாக்கெட்டுக்குள் கலந்தே தர ஏற்பாடாயிற்று. எதிர்ப்பு பரவிய பிறகு வந்த ஏற்பாடு இது. இதை மட்டும் நம்பிப் பயனில்லை. டிசம்பருக்குள் அறுவடை முடியும் குறுகியகால ரகங்கள் சிறு விவசாயியின் கைக்கு நியாயமான விலையில் வந்து சேர வேண்டும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பருத்திமாரை அகற்ற அரசு கூலியும் கருவியும் கொடுத்து உதவ வேண்டும்.