தன் குரலைத் தானே கழித்தல்

வாக்கி-டாக்கியில் பேசும் போக்குவரத்துக் காவலரை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பேசும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். சொல்லி முடித்ததும் 'ஓவர்' என்று கூறி விரலை எடுக்கிறார். எதிர்முனையில் இருப்பவர் அதன் பின்னர்தான் வாய் திறக்க முடியும். தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், சண்டைகூடப் போடலாம். இதில் மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு?

அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அதிர்வெண்ணில் நடப்பதே காரணம். தவிலை அடித்துக்கொண்டே, தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயன்றால் எப்படியிருக்கும்? அதே கதைதான். ஏற்பிக்குத் தன் வீட்டு அலையே காதை அடைத்துவிடுகிறது.

இந்தத் தொல்லை வானொலியைவிட வயதில் மூத்தது. தந்திக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. அதில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் செய்தி போயிற்று. ஒரே கம்பியில் இருபுறமும் அனுப்ப முடிந்தால் பாதிக் கம்பி மிச்சமல்லவா? 1853இல் வியன்னாவில் வில்ஹெல்ம் கின்ட்ல் என்பவர் இதை முயன்றார். மறு ஆண்டே ஜெர்மனியில் நல்லதொரு வழி பிறந்தது. தந்திக் கருவியின் மின்காந்தத்தில் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றினார்கள். அனுப்பும் மின்னோட்டத்தில் ஒரு பாதி உண்மையான கம்பிக்குப் போகும். மறு பாதி, அதே அளவு மின்தடை கொண்ட பொய்க் கம்பிக்குப் போகும். இரு பாதிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் நம் கருவி அசையாது. வெளியூரிலிருந்து வரும் மின்னோட்டம் இச்சமநிலையைக் குலைக்கும், கருவி தட்டும். வீட்ஸ்டன் சமனச்சுற்றை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் நீண்ட கம்பிகளில் இது காலை வாரிவிட்டது. சாவியை அழுத்தும் கணத்தில் கருவி ஒருமுறை துள்ளும். அது பொய்ச் செய்தி. நீண்ட கம்பி வெறும் மின்தடை மட்டுமன்று, மின்னூட்டத்தைத் தேக்கியும் வைக்கிறது என்பதுதான் சூட்சுமம். 1872இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜோசஃப் ஸ்டேர்ன்ஸ் பொய்க் கம்பியோடு மின்தேக்கிகளையும் இணைத்தார். பொய்யும் மெய்யைப் போலவே துள்ளியது. இரு துள்ளல்களும் கழிந்துபோயின. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஒன்றைக் கழிக்க வேண்டுமானால் முதலில் அதைத் துல்லியமாகப் போலி செய்யத் தெரிய வேண்டும்.

கம்பியில்லாத் தந்தியில் மார்க்கோனிக்கும் இதே சோதனை வந்தது. அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேக்கும் இடையே 1907இல் வணிகச் சேவை தொடங்கியபோது, அனுப்பும் நேரத்தில் வாங்க இயலவில்லை. ஆகவே 1913இல் ஏற்பி நிலையத்தைப் பிரித்து, சில மைல் தள்ளி லெட்டர்ஃப்ராக் என்ற ஊரில் நிறுவினார்கள். வேல்ஸ் நாட்டில் கார்னார்வனில் அனுப்பி, டவினில் வாங்கினார்கள். தொலைவு மட்டும் போதவில்லை. சமன்செய்யும் ஏரியல் ஒன்றையும் சேர்த்து, சொந்த அலையை அதன் வழியே வாங்கிக் கழித்தார்கள். ஸ்டேர்ன்ஸின் பொய்க் கம்பி இங்கே ஏரியலாக அவதாரம் எடுத்தது!

பின்வந்தவர்கள் கழித்தலை விட்டுவிட்டு விலகிப் போகும் வழியைப் பிடித்தார்கள். 1936இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ரேடாருக்கு ஒரே ஏரியல் போதும்படி செய்தது. துடிப்பு கிளம்பும் கணத்தில் ஏற்பியை அடைத்து, எதிரொலி வரும்போது திறந்துவிடும் அமைப்பு அது. ஜி.எஸ்.எம். கைபேசியோ அதிர்வெண்ணைப் பிரித்துக்கொண்டது: 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை பேச, 935 முதல் 960 வரை கேட்க. வசதிதான். ஆனால் கோடிக்கணக்கில் ஏலம் போகும் அலைவரிசையில் இரட்டைச் செலவு.

ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது என்றுதான் நான் படித்தேன். வகுப்பிலும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். "முடியாதா, கஷ்டமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 மில்லிவாட்டில் அனுப்பும் வைஃபை கருவி, மெல்லிய அலையையும் கேட்க வேண்டுமானால், தன் அலையைப் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அது 110 டெசிபெல். கணக்கு சரி, முடிவுதான் தவறு.

2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் இரண்டு அனுப்பும் ஏரியல்களை வைத்தார்கள். ஏற்பி ஏரியலிலிருந்து ஒன்றின் தொலைவைவிட மற்றதன் தொலைவு அரை அலைநீளம் கூடுதல். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். முகடும் பள்ளமும் சந்தித்து அலை அடங்கியது. இளங்கலை மாணவருக்கும் தெரிந்த குறுக்கீட்டு விளைவுதான்! ஆனால் அரை அலைநீளம் ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டுமே பொருந்தும். அகன்ற அலைவரிசையில் கழித்தல் அரைகுறையாயிற்று. 2013இல் அதே பல்கலைக்கழகத்தின் குழுவொன்று ஒரே ஏரியலில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அந்த 110 டெசிபெல்லை எட்டியது. முதலில் மின்சுற்றிலும் பிறகு எண்கணக்கிலுமாக இரு கட்டங்களில் கழித்தார்கள். எல்லாவற்றையும் கணிப்பொறியிடமே விட்டால் என்ன என்று கேட்பீர்கள். அலையை எண்ணாக்கும் உறுப்பு, சொந்த அலையின் வலிமையிலேயே நிரம்பி வழிந்துவிடும். மெல்லிய அலை எண்ணாக மாறவே மாறாது.

இது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களைத் தாண்டவில்லை. நம் கைபேசிகள் இன்றும் அதிர்வெண்ணையோ நேரத்தையோ பங்கிட்டே பேசுகின்றன. கழித்தலில் ஒரு சங்கடம் உண்டு. பழைய தந்தி நிலையங்களில் மழை பெய்தால் கம்பங்களில் மின்சாரம் கசியும். ஊழியர் எழுந்து பொய்க் கம்பியின் மின்தடையைத் திருப்பிச் சரிசெய்வார். இன்றைய கருவிக்கு மழை வேண்டாம். ஏரியலருகே ஒருவர் கையை அசைத்தாலே போதும், எதிரொலிக்கும் அலைகள் மாறி, போலி பழையதாகிவிடும். உடனே மறுபடியும் கணக்கிட வேண்டும்.