கூலி: ஊதியம் ஆளான கதை

சென்ற ஆண்டு இளங்கலை வகுப்பில் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் 619ஆம் குறளில் 'கூலி' என்னும் சொல் வருகிறது. தெய்வத்தால் ஆகாத செயலானாலும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி பயன் தரும் என்பது அதன் கருத்து. அந்தப் பயனுக்கு வள்ளுவர் இட்ட பெயர்தான் கூலி.

வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் தயங்கியபடி வந்தார். அவருடைய குடும்பம் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்ட வேலை செய்து, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழகம் திரும்பியது. "ஐயா, எங்கள் வீட்டில் ஒரு பழைய தாள் இருக்கிறது. அதில் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு எதிரே ஆங்கில எழுத்தில் 'கூலி' என்று இருக்கிறது. அது வசைச்சொல் இல்லையா? வள்ளுவர் எப்படி அதை எழுதினார்?" என்று கேட்டார். அப்போது நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதன் பின் தேடியதில் தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தமிழில் கூலி என்பது ஆள் அன்று. ஆளுக்குச் சேர வேண்டியது. வண்டிக்கூலி, செய்கூலி, ஏற்றுக்கூலி என்னும் வழக்குகளை எண்ணிப் பாருங்கள். வேலை செய்பவரைக் குறிக்க வேண்டுமானால் 'கூலியாள்', 'கூலிக்காரர்' என்று இன்னொரு சொல்லையோ விகுதியையோ சேர்த்தாக வேண்டும். இறைவன் அளிக்கும் பரிசைத் தமிழ் முஸ்லிம்கள் 'நற்கூலி' என்றே சொல்கின்றனர். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் ஊதியப் பொருளில் வழங்குகிறது. கூலம் என்றால் தானியம். தானியமாக அளந்து கொடுத்ததால் கூலி ஆயிற்று என்று விளக்கும் தமிழறிஞர்களும் உண்டு. களத்துமேட்டில் நெல்லளந்து வாங்கியவர்களைக் கண்ட நமக்கு அந்த விளக்கம் இயல்பாகவே படுகிறது. ஆயினும் ஓசை ஒற்றுமை மட்டும் வேர்ச்சொல்லுக்குச் சான்றாகிவிடாது.

ஆங்கிலத்தின் 'கூலி'க்கோ உரிமை கோருவோர் மூவர். ஒன்று, நம் தமிழ்ச்சொல். இரண்டாவது, குஜராத் முதலிய மேற்கிந்தியப் பகுதிகளில் வாழும் கோலி என்னும் சமூகத்தின் பெயர். மூன்றாவது, அடிமை என்று பொருள்படும் 'குல்' என்னும் துருக்கியச் சொல்லின் வழிவந்த 'குலி'. 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் பெயரில் இருப்பதும் இந்தக் குலிதான். அரசன் பெயரில் அது பணிவைக் காட்டியது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி கோலி, கூலி இரண்டையும் ஆராய்கிறது. துறைமுகங்களில் பல மொழியினர் கலந்து புழங்கியபோது ஒத்த ஓசையுள்ள சொற்கள் ஒன்றோடொன்று இழைந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறப்பைக் காட்டிலும் அச்சொல் சென்ற வழியே முக்கியமானது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்ற கப்பல் 36 இந்தியத் தொழிலாளர்களுடன் மொரீசியஸை அடைந்தது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' டர்பனில் கரை சேர்ந்தது. ஒப்பந்தத் தாளில் மாதக் கூலி இவ்வளவு என்று எழுதியிருந்தது. ஆனால் மொரீசியஸில் ஒரு நாள் வேலைக்கு வராதவருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்தனர். டச்சுக்காரர்கள் ஆண்ட சுமத்ராவின் கிழக்குக் கரையிலோ 1880இல் 'கூலிச் சட்டம்' என்றே ஒன்றை இயற்றினர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் அது தண்டனைக்குரிய குற்றம். கூலி என்ற பெயர் மனிதர் மேல் ஏறியது. கூலியோ குறைந்துகொண்டே போனது.

சீனர்கள் இதை 'கு லி' என்று இரண்டு எழுத்துகளால் எழுதினர். முதலெழுத்தின் பொருள் கசப்பு அல்லது துன்பம். இரண்டாவதன் பொருள் வலிமை. ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகளே பொருளையும் சொல்லிவிட்டன. 1847 முதல் 1874 வரை ஏறத்தாழ 1,25,000 சீனர்கள் கியூபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தி, தம்மைக் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்ததைத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அங்கே இந்தியர் எல்லாருமே கூலிகள். வணிகரும் கூலி வணிகரே. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி'யை எடுத்து வெள்ளையர்கள் இந்தியரை 'சாமி' என்றும் இழிவாக அழைத்தனர். துணிச்சலுள்ளவர்கள், "சாமி என்றால் எசமான், நான் உமக்கு எசமானன் அல்லேன்" என்று திருப்பிச் சொல்வார்களாம். கூலிக்கு அப்படியொரு பதிலடி யாருக்கும் தோன்றவில்லை போலும்.

இருப்பினும் பழி முழுவதையும் அயலார் மேல் சுமத்திவிட முடியாது. 'கூலிக்கு மாரடிப்பது' என்ற நம் வழக்கில் உள்ள ஏளனம் எந்தக் கப்பலிலும் வந்திறங்கியதன்று. உழைத்துப் பெறுவதை இழிவாகப் பார்க்கும் கண் நம்மிடமும் இருந்தது.

அச்சொல்லைச் சுமந்தவர்கள் அதனோடு வெவ்வேறு வகையில் போராடினர். ஃபிஜிக்குச் சென்றவர்கள் 'அக்ரிமெண்ட்' என்பதைக் 'கிர்மிட்' ஆக்கித் தங்களைக் கிர்மிட்டியர் என்றனர். மொரீசியஸில் 'கூலி காட்' எனப்பட்ட படித்துறை, வந்தேறியோர் துறை என்னும் பொருளில் 'ஆப்ரவாசி காட்' ஆகி, 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அந்நாட்டுக் கவிஞர் கால் தொராபுல்லியோ சொல்லை ஒதுக்காமல் கையிலெடுத்து, 1992இல் 'கூலித்தனம்' எனத்தக்க ஒரு கருத்தாக்கத்தையே பிரெஞ்சில் படைத்தார். இந்திய ரயில்வே 2016ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கூலிகளை 'சகாயக்' என்று அழைக்கப்போவதாக அறிவித்தது.

பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் நம் மொழியில் அச்சொல்லுக்கு இழுக்கு ஏதும் இல்லை. அது தரப்பட வேண்டிய ஒன்றின் பெயர். அடுத்த வாரம் அந்த மாணவரைக் கண்டபோது இதையே சொன்னேன். "அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள், தம்பி. அதில் எழுதியிருப்பது உங்கள் கொள்ளுத்தாத்தா யார் என்பதன்று. அவருக்கு என்ன தர வேண்டியிருந்தது என்பது."

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்படியானால் பாக்கி இன்னும் இருக்கிறது, ஐயா" என்றார்.